சேசிஸுக்கு ஐந்து, எஞ்சினுக்கு ஒன்று

இந்தியாவில் எந்தக் காரின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்தாலும் அதில் இரண்டு எண்கள் இருக்கும். சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். முன்னாலும் பின்னாலும் மாட்டியிருக்கிற நம்பர் பிளேட் அரசாங்கம் வைத்த பெயர். மாநிலம் மாறினால் அதுவும் மாறிவிடும். இந்த இரண்டு எண்கள் அப்படியல்ல. தொழிற்சாலையில் இரும்பின் மேல் பன்ச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தவை. ஒரு கார் "அதே கார்தான்" என்று சொல்வதற்கு நம் சட்டம் முதலில் தேடும் சாட்சி இவைதான்.

பிரிட்டனில் இதை இன்னும் நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். அங்கே வாகனப் பதிவைக் கவனிக்கும் டி.வி.எல்.ஏ., பெரிய அளவில் மாற்றப்பட்ட வண்டிகளுக்குப் பல ஆண்டுகளாக ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. சேசிஸ் அல்லது மோனோகாக் பாடிக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. மொத்தம் 14. அதில் எட்டாவது தேறினால்தான் பழைய பதிவு எண் தங்கும். முதன்முதலில் இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடையாளம் என்றால் என்ன என்று தத்துவவாதிகள் இரண்டாயிரம் வருஷமாக முட்டிக்கொள்கிறார்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா டீ குடித்துக்கொண்டே அதற்கு மார்க் போட்டு முடித்துவிட்டார். அதுவும் எஞ்சினுக்கு ஒரே ஒரு மார்க். நாமெல்லாம் காரின் இதயம் என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கு.

இந்தப் பட்டியலை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அம்பத்தூரில் நிற்கும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1966 மாடல், இரண்டு கதவு. என் கல்லூரி நண்பனின் அப்பாவுடையது. நண்பன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட பில்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். புது வீட்டுக்கு ஒரே ஒரு பார்க்கிங், அதில் தினமும் ஓடுகிற வண்டிதான் நிற்க முடியும். ஆகவே ஹெரால்டைச் சரிசெய்து, நல்ல கையில் ஒப்படைத்துவிட வேண்டும். பணம் நண்பன் அனுப்புவான், மேற்பார்வை நான். என் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருப்பதால் எனக்கு இந்த வேலை வந்து சேர்ந்தது.

ஹெரால்டா, ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹெரால்டு ஒரு குடும்பக் கார்தான். ஆனால் அதன் எலும்புக்கூடு அப்படியல்ல. 1959-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனம் டிரையம்ப் ஹெரால்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிச்செலோட்டி. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் சேசிஸும் பாடியும் ஒன்றாக வார்த்த மோனோகாக்குக்குப் போய்க்கொண்டிருந்தன. டிரையம்புக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேசிஸ் ஒன்றைச் செய்து, பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட் போட்டு மாட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1962-இல், அதே சேசிஸ் அமைப்பைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்து, அதே மிச்செலோட்டி ஒரு திறந்த இரண்டு சீட்டர் காரை வரைந்தார். அதுதான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். இன்று உலகம் முழுக்கப் பலர் தூசி தட்டி மீட்டெடுக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்.

ஸ்பிட்ஃபயர் இங்கே தயாரிக்கப்படவில்லை. நமக்குக் கிடைத்தது அதன் எலும்பு. 1961 முதல் வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஹெரால்டைச் செய்தது. துண்டு துண்டாகக் கழற்றி மாட்டலாம் என்பதால் பெட்டிகளில் வரும் பாகங்களைக் கோத்து முடிப்பது இங்கே சுலபமாக இருந்தது. 1968-இல் இங்கிலாந்தில் இல்லாத ஒரு நான்கு கதவு ஹெரால்டையே சென்னையில் செய்தார்கள். மொத்த பானெட்டும் மட்காடோடு சேர்ந்து முதலை வாய் போல முன்னோக்கித் திறக்கும். பக்கத்தில் நின்றபடி எஞ்சினின் எந்த மூலையையும் தொடலாம். சின்னச் சந்தில் ஆட்டோ மாதிரித் திரும்பும்.

மெக்கானிக் பாய்க்கு அறுபது தாண்டிவிட்டது. திருமுல்லைவாயில் பக்கம் ஷெட். வண்டியை முதல் நாள் ஜாக்கி போட்டுத் தூக்கியதும் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தவர் சொன்னார்: "தம்பி, இது ஒரு கார் இல்ல, இது ஒரு ஊரு."

என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. எல்லாப் பாகத்தையும் கழற்றக் கழற்ற எக்செல்லில் ஏற்றிக்கொண்டே வந்தேன். தொழில் புத்தி. எஞ்சின் இந்தக் காருடையது இல்லை. 1984-இல் பழைய எஞ்சினின் பிளாக் விரிசல் விட்டு, புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு கெஸல் எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள். கெஸல் என்பது எழுபதுகளில் அதே கம்பெனி செய்த, ஹெரால்டின் தம்பி. அதே 948 சி.சி. ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்றியுமிருக்கிறார்கள். ஒரு கதவு வேறொரு ஹெரால்டினுடையது. உள்பக்கம் சுரண்டினால் நீலம் வருகிறது, இந்தக் கார் ஒருநாளும் நீலமாக இருந்ததில்லை. வைப்பர் மோட்டார் அம்பாசிடரிலிருந்து வந்தது. முன் சீட்டின் தண்டவாளம் வீட்டு கிரில் செய்பவர் வெல்டிங் வைத்தது.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் டிரன்னியன் என்று ஒரு பாகம் இருக்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டு, மரை போட்ட இந்தக் கட்டைக்குள்தான் சுழலும். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இதுவே பலவீனம். இதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் அடித்தால் உள்ளே எட்டாமல் துரு ஏறி ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். இந்தக் காரின் இடது பக்க டிரன்னியன் கம்பெனி பாகம் இல்லை. எழுபதுகளின் கடைசியில் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்தது. கழுவித் துடைத்தபோது உட்பக்கம் "க" என்று ஓர் எழுத்து பன்ச் செய்திருந்தது. கடைந்தவரின் பெயரின் முதல் எழுத்தாம். நண்பனின் அப்பாவுக்கு அவர் முகம் நினைவிருக்கிறது. எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பது தெரியாது.

இங்கே ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கழற்றிப் போட்டு, பாகங்களின் மேலிருக்கும் பெயர்களைப் படியுங்கள். லூகாஸ், கர்லிங், டன்லப். இப்போது அறுபதுகளின் மேற்குச் சென்னையைப் பாருங்கள். பாடியில் 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். அடுத்த ஆண்டே, கர்லிங் பிரேக்குகளைக் கையில் வைத்திருந்த அதே லூகாஸோடு கூட்டாக, பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை. அதற்கு முன்பே, 1949-இல், பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ். நாம் ஹெர்குலிஸ் ஓட்டியது அங்கிருந்துதான். ஆவடியில் ராணுவ டாங்கிகூட விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்ததுதான். விஜயந்தா என்று நாம் பெயர் வைத்தோம், எஞ்சின் லேலண்ட். இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியை யாரோ கையால் அள்ளி அம்பத்தூர் ஏரிக்கரையில் கொட்டியது போல இருந்திருக்கும். லூகாஸ் மின்கருவிகளை நம்பி ராத்திரியில் கிளம்ப முடியாது என்பதால் ஜோசப் லூகாஸுக்கு "இருளின் இளவரசர்" என்று இங்கிலாந்துக்காரர்கள் பட்டம் வைத்திருந்தார்கள். பாடியில் முப்பது வருஷம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த நண்பனின் அப்பாவிடம் இந்த ஜோக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க அவங்க செஞ்சதுக்குச் சொல்லியிருப்பான்" என்றார்.

ஆக, சென்னையில் செய்த ஹெரால்டுக்கு "அசல்" என்றால் என்ன? கவென்ட்ரி வரைபடமா? பெருங்களத்தூரில் அந்த வாரம் ஸ்டோரில் இருந்த பாகங்களா? அவற்றில் பாதி இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் செய்ததாக இருந்தால், எஸ்டேட்டில் ஒருவர் கடைந்த டிரன்னியன் மட்டும் எப்படி அந்நியமாகும்? கொஞ்சம் தாமதமாக வந்த பாகம் என்று சொல்லலாம், அவ்வளவுதானே?

எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்திருந்தது. பாய்க்குப் பிடிக்கவில்லை. "தம்பி, அது ஆசைக்கா செஞ்சது? பார்ட்ஸ் கிடைக்கல. இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடையாது. கம்பெனியும் ஹெரால்ட நிறுத்திட்டான். வேற வழி இல்லாம கடைஞ்சாங்க. நீங்க அதுக்கு மாலை போடறீங்க." அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பற்றாக்குறையைப் பிற்காலத்தில் வந்து அழகாகப் பார்ப்பது சுலபம். வெயிலில் நடுரோட்டில் சக்கரம் படுத்து நின்றவனுக்கு அது அழகாக இருந்திருக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி பாதி வேலையில் இருக்கும்போதே வாங்குவதற்கு ஒருவர் வந்தார். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர், ஏற்கெனவே நாலைந்து பழைய கார்கள் வைத்திருப்பவர். பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். "மேட்சிங் நம்பர்ஸ்" இருந்திருந்தால் இன்னும் இரண்டு லட்சம் சேர்த்துத் தந்திருப்பேன் என்றார். அதாவது பிறந்தபோது அடித்த சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் இன்றும் அதே காரில் இருப்பது. அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கூட வந்த புரோக்கர்தான், அவர் போன பிறகு இருந்து, மெல்லிய குரலில் சொன்னான்: "சார், பழைய எஞ்சின் நம்பர் உங்க கிட்ட இருக்குல்ல? பிளாக்ல தேய்ச்சிட்டு அதையே பன்ச் அடிச்சிடலாம். எஞ்சினும் அதே டைப்புதான. யாருக்கும் தெரியாது. பொய்யும் இல்ல சார், அதே காருக்கு அதே நம்பர்."

சட்டப்படி இது குற்றம். அதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவனுடைய கடைசி வாக்கியம் என்னை விடவில்லை. அதே காருக்கு அதே நம்பர். நான் அதுவரை பேசிக்கொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதானே? பாகம் மாறினாலும் கார் அதேதான் என்றால், மாறிய பாகத்தின் மேல் பழைய எண்ணை அடிப்பதில் என்ன பொய்?

இதே கேள்வி லண்டன் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது, பத்து மில்லியன் பவுண்டு பந்தயத்தோடு. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் ஒன்று 1929, 1930 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. அதற்குப் பெயர் "ஓல்டு நம்பர் ஒன்". வென்ற பிறகும் அதைச் சும்மா நிறுத்தவில்லை. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்களை மாற்றினார்கள். சேசிஸ் மாறியது. பிறகு பெரிய எட்டு லிட்டர் எஞ்சின் வந்தது. 1932-இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தின் சரிவிலிருந்து பாய்ந்து விழுந்ததில் ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். சிதைந்ததை எடுத்து மறுபடி கட்டினார்கள். பல கை மாறி, 1990-இல் மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனம் அதை உரிமையாளர் ஹப்பர்டிடம் பத்து மில்லியன் பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பிறகு, லெ மானில் ஓடிய காரின் பாகம் இதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை, ஆகவே இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கியது. ஹப்பர்டு வழக்குப் போட்டார்.

நீதிபதி ஆட்டன் ஹப்பர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அவர் செய்த ஒரு பிரிவு முக்கியமானது. 1929-இல் கிளம்பிய நிலையில் இல்லை என்பதால் இதை அசல் என்று சொல்ல முடியாது. ஆனால் இது ஓல்டு நம்பர் ஒன்தான். எந்தக் கட்டத்திலும் பழைய காரை விட்டுவிட்டு வேறொரு காரைத் தொடங்கவில்லை. மாற்றம் ஒவ்வொன்றும் ஓடிக்கொண்டிருந்த ஒரு காருக்குள் போய்க் கரைந்தது. பெயர் ஒருநாளும் அறுபடவில்லை.

பழைய கிரேக்கக் கதையில் தீசியஸின் கப்பலில் பலகை பலகையாக மாற்றுவார்கள். எல்லாம் மாறிய பிறகு அதே கப்பலா என்று கேட்பார்கள். ஆட்டன் ஆம் என்கிறார். அதற்குமேல் தாமஸ் ஹாப்ஸ் ஒரு விஷமம் செய்தார். கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? தத்துவ வகுப்பில் இது புதிர். பழைய கார் சந்தையில் இது நிஜமான தொல்லை. ஒரு காரின் சேசிஸ் தகடு ஒருவரிடமும் எஞ்சின் இன்னொருவரிடமும் இருந்து, இரண்டு பேரும் தத்தம் பாகத்தைச் சுற்றி ஒரு முழு காரைக் கட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே எண்ணுக்கு உரிமை கொண்டாடும்.

நான் கொஞ்ச நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஆட்டனின் தீர்ப்பைத் தாங்கி நிற்பது கார் இல்லை, கோப்பு. எந்த ஆண்டு எந்த பாகம் மாறியது, யார் மாற்றினார்கள் என்பது தெரிந்திருந்ததால்தான் "அறுபடவில்லை" என்று ஒரு நீதிபதியால் சொல்ல முடிந்தது. அந்த விவரங்கள் இல்லையென்றால் அவர் முன்னால் நின்றது வெறும் பென்ட்லி இரும்பு. அடையாளம் பாகங்களில் இருக்கிறதா, சேர்மானத்தில் இருக்கிறதா என்று மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி நாகசேனர் கேட்ட காலத்திலிருந்து கேட்கிறோம். அது இரண்டிலும் இல்லை, மாற்றத்தைப் பற்றி நாம் சொல்லும் சாட்சியில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. சாட்சியில் இருக்கிறதென்றால், புரோக்கர் சொன்னது பொய்தான். அவன் எஞ்சினை மாற்றச் சொல்லவில்லை. எஞ்சின் மாறியது என்ற விஷயத்தை மாற்றச் சொன்னான். 1984-இல் பிளாக் வெடித்ததும், புதுப்பேட்டைக்கு அலைந்ததும், யாரோ ஒருவர் பழைய கெஸலைக் கழித்துக்கட்டியதும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

என் வேலையில் இது தினமும் நடக்கிற கதை. நான் பார்க்கிற ஒரு மென்பொருள் பன்னிரண்டு வயதானது. முதல் பதிப்பில் இருந்த வரி ஒன்றுகூட அதில் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் அது அதே மென்பொருள், ஏனென்றால் கிட் வரலாறு இருக்கிறது. யார், எப்போது, ஏன் இந்த வரியை மாற்றினார்கள் என்று பின்னோக்கிப் போகலாம். சில பேருக்கு வரலாறு அசிங்கமாகத் தெரியும். "டைப்போ சரிசெய்தேன்", "மறுபடி சரிசெய்தேன்", "ராத்திரி மூணு மணி, எப்படியோ ஓடுகிறது" என்றெல்லாம் இருக்கும். எல்லாவற்றையும் அழுத்தி ஒரே கமிட்டாக்கி, முதல் நாளிலிருந்தே எல்லாம் சரியாக இருந்தது போலக் காட்டுவார்கள். கடைசி நட்டு வரை கழற்றிப் புதுசாக்கும் கார் மீட்பும் பல சமயம் அதுதான். ஐம்பது வருஷத்து ராத்திரி மூணு மணிகளைத் துடைத்துவிட்டு, ஷோரூம் நாளுக்குத் திரும்பிப் போவது.

இதில் எரிச்சலூட்டும் கதை ஒன்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. ஸ்டாண்டர்ட் வான்கார்டு என்ற பிரிட்டிஷ் காருக்காக நாற்பதுகளில் ஓர் எஞ்சின் செய்தார்கள். வெட் லைனர் வகை. சிலிண்டரின் உள்சுவர் தனிக் குழாயாக இருக்கும், தேய்ந்தால் உருவிவிட்டுப் புதிது செருகலாம். பாகம் மாறும் என்று ஒப்புக்கொண்டே பிறந்த எஞ்சின். அதன் சகோதரன் ஃபெர்குசன் டிராக்டரில் வயல் உழுதது. அதையே கூர்தீட்டி 1,991 சி.சி.யில் டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். 1953-இல் பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில் அந்தக் கார் மணிக்கு 124 மைல் தொட்டது. இது வரைக்கும் எந்தப் புகாரும் இல்லை. 1985-இல் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் கார் வெளிவந்தது. உடம்பு ரோவர் எஸ்.டி.1, அன்றைக்கு நம் சாலைகளில் விண்கலம் போல இருந்திருக்கும். இங்கிலாந்தில் அதற்குள் வி8 எஞ்சின் இருந்தது. இங்கே பானெட்டைத் திறந்தால் அதே வான்கார்டு குடும்பத்துக் கிழவன். கிட்டத்தட்ட நாற்பது வயசு. மூன்றே ஆண்டுகளில், 1988-இல், கதை முடிந்தது. டி.ஆர்.2-இல் நாயகனாக இருந்த அதே இரும்பு இங்கே ஏமாற்றுக்காரன் ஆனது. எஞ்சின் மாறவில்லை, அதைச் சுற்றிச் சொன்ன வார்த்தை மாறியது.

கோயில்காரர்கள் இந்த விஷயத்தில் கார்காரர்களைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். திருப்பணி தொடங்கும்முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்துக்கோ அத்திப் பலகைக்கோ மாற்றி வைத்துவிட்டு, வேலை முடிந்து குடமுழுக்கில் திரும்ப ஏற்றுவார்கள். இடைப்பட்ட காலத்தில் கல் வெறும் கல், கொத்தனார் கை வைக்கலாம். அடையாளம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு நடைமுறையான பதிலை டி.வி.எல்.ஏ.கூடச் சொல்லவில்லை. ஆனால் அதே திருப்பணிகளில்தான் பல ஊர்களில் சாண்ட் பிளாஸ்டிங் செய்தார்கள். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சி, கல்லைப் புதுசு போல ஆக்கினார்கள். கூடவே கல்வெட்டுகளும் தேய்ந்து போயின. எதிர்ப்பு வந்து பிறகு அதற்குத் தடை போட்டார்கள்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். கொள்ளிடக் கரையில் திருமழபாடி. ராஜராஜனின் 28-ஆம் ஆட்சியாண்டில் அங்கே விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட உத்தரவாகிறது. இடிப்பதற்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கிறார்கள். கட்டி முடித்து, ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், படியெடுத்ததைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டுகிறார்கள். இந்தச் செய்தியும் அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. யாரோ ஓர் ஊர்க்காரர் விளக்கெரிக்க ஆடு கொடுத்த கணக்கு முக்கியம் என்று ஒரு பேரரசின் அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. கல் போகலாம், கணக்கு போகக் கூடாது.

எங்கள் ஹெரால்டின் சேசிஸையும் பிளாஸ்டிங் செய்யத்தான் வேண்டியிருந்தது. துரு. அதில் ரசனைக்கெல்லாம் இடமில்லை, சேசிஸ் முறிந்தால் உள்ளே இருப்பவர் சாவார். பாய் வண்டியை அனுப்பும்முன் இரண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து ஒவ்வோர் அங்குலமாகப் படம் எடுத்தேன். குறுக்குச் சட்டத்தின் உட்பக்கம் மஞ்சள் பெயின்டில் ஒரு சின்ன டிக் குறி கிடைத்தது. பெருங்களத்தூரில் 1966-இல் ஓர் இன்ஸ்பெக்டர் போட்டதாக இருக்க வேண்டும். நண்பனின் அப்பாவுக்கு அதைப் போனில் காட்டினேன். பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "இடது கைக்காரன்" என்றார்.

புரோக்கரின் யோசனையை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய கார், அவருடைய இரண்டு லட்சம். வீட்டு வேலையில் பணம் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்த நேரம். கொஞ்சம் யோசிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எத்தனை வருஷம் பன்ச் அடிச்சிருக்கேன் தெரியுமாடா?" என்றார். "பாஸ் ஆன பீஸ்ல மட்டும்தான் அடிப்போம். ஷிஃப்டு முடியற நேரம், டார்கெட் வரலைன்னு சூப்பர்வைசர் வந்து நிப்பான், சார் அடிங்க சார்னு. அடிச்சா முடிஞ்சது, வண்டி ஏறிடும். எவன் கார்ல போய் பிரேக் பிடிக்காம நிக்கும்னு நமக்குத் தெரியாது. அதனாலதான் அடிக்க மாட்டோம்." அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

2021-இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய கார், பைக்குகளுக்கு "வி.ஏ." எழுத்து வைத்த தனிப் பதிவு எண், கட்டணம் 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் நிபந்தனை என்னவென்றால், வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது. எனக்கு இதில் ஒரு வருத்தம். 1984-இல் ஆர்.டி.ஓ. வரைக்கும் போய் எஞ்சின் மாற்றத்தை ஒழுங்காகப் பதிந்தவருக்கு அந்தப் பதிவே எதிர்ச்சாட்சி ஆகிவிடலாம். பன்ச் அடித்தவன் சுத்தமான ஆவணத்தோடு வந்து நிற்பான். மாறாதிருப்பதை மட்டும் மதிக்கும் விதி, மாற்றத்தை மறைப்பவனுக்குப் பரிசு கொடுக்கிறது. என்னைக் கேட்டால் டி.வி.எல்.ஏ.வின் பதினான்கு புள்ளிகளோடு இன்னொரு ஐந்து சேர்ப்பேன், மாற்றங்களுக்கு ஒழுங்கான கணக்கு வைத்திருப்பவருக்கு.

நாங்கள் வைத்த கணக்கு இப்போது 112 பக்கம். படங்கள், பழைய ரசீதுகள், ஆர்.சி. நகல், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. புதுப்பேட்டைக் கதை மூன்று பக்கம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார் என்று சந்தேகம், அப்படியே எழுதிவைத்தேன். பிரின்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து, முன்பு வந்த அதே மனிதரிடம் கொடுத்தோம். அவர் முதலில் சொன்ன விலையிலிருந்து ஒரு பைசா ஏற்றவில்லை. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, டிரன்னியன் பக்கத்தில் நின்று, இதை இங்கிலாந்திலிருந்து புதிது வரவழைத்து மாற்றிவிடுவேன் என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாய் முந்திக்கொண்டார்.

"மாத்துங்க சார், மாத்த வேண்டியதுதான். நாப்பது வருஷம் ஓடிருச்சு. பழசத் தூக்கிப் போட்றாதீங்க, டிக்கில ஒரு ஓரமா இருக்கட்டும். புதுசுல கிரீஸ் நிப்பிள் இருந்தா, அதுல கிரீஸ் மட்டும் அடிக்க விடாதீங்க. எந்த மெக்கானிக் வந்தாலும் சொல்லுங்க. ஆயில். தொண்ணூறு ஆயில்."

வாங்கியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, புத்தகத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.